பாக்கியரத்தினத்தின் பாட்டு எங்கே போகிறது

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் பாக்கியரத்தினம் தொலைபேசியை எடுப்பார். ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, மறுமுனையில் சொல்வதை முழுதாகக் கேட்டு, "அப்பிடியும் இருக்கலாம்" என்பார். பிறகு இயந்திரம் மறுபடி உறுமும்.

திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் அனுப்பும் ஆலையில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. அதற்கு வெகு முன், பத்தொன்பது வயதில், கிற்றார் வைத்திருந்த சிநேகிதர்களுக்காக ஒரு பாட்டு எழுதினார். அதில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் ஊரை விட்டு ஓடுகிறார்கள். 'ஊர் முடியிற இடத்தில நிப்பாட்டாதே, ஒரு டாங்க் பெற்றோல் இருக்கு, போவம்' என்று, டிரம்ஸ் அதிர, பாட்டு முடியும். போன வருடம் ரொறன்ரோவில் சில இளைஞர்கள் அதைப் பழைய கசற்றிலிருந்து எடுத்து யூடியூப்பில் போட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்த அழைப்புகள்.

ஒருவர் அது போருக்குத் தப்பி ஓடுவது என்கிறார். இன்னொருவர் காதல் என்கிறார். ஒரு விரிவுரையாளர், மோட்டார் சைக்கிள்தான் விடுதலை என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினார். கண்ணாடி போட்டு அதை இரண்டு தரம் வாசித்த பாக்கியரத்தினம், "நல்லா எழுதியிருக்கிறார். எனக்கு மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியாது" என்றார் என்னிடம். பாலையூற்றில் நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன்.

போன மாதம் மகள் துசானிக்கு மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. மனைவி இறந்தபின் வீட்டில் இவர்கள் இருவர்தான். வேண்டாம் என்றார், ஏனென்று சொல்லவில்லை. அவள் சண்டை பிடிக்கவுமில்லை. சோற்றுக் கோப்பையை அவர் முன் வைத்துவிட்டுக் கேட்டாளாம்:

"அப்பா, நீங்கள் எழுதினா அது பாட்டு. நான் போனா மட்டும் பிழையோ?"

நாலாம் நாள் பின்னேரம் பாக்கியரத்தினம் என்னிடம் வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"நீங்கள் படிச்ச ஆள். அந்த ரெண்டு பேரும் ஏன் ஓடினவங்கள் எண்டு சொல்லுங்கோ."

எழுதியவர் நீங்கள்தானே என்றேன்.

"ஓம். ஊரில பிரச்சினை இருந்ததுதான். ஆனா அதை நினைச்சு எழுதேல்ல. வீட்டில எனக்கு ஒரு குறையுமில்லை. ஏன் போவம் எண்டு எழுதினனான்? எவ்வளவு யோசிச்சும் பிடிபடேல்ல." போகத் திரும்பியவர், "அவளுக்கும் நான் ஒரு குறையும் வைக்கேல்ல" என்றார்.

நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

வீட்டில் என்ன பேசினார்களோ, அடுத்த திங்கட்கிழமை காலை மகளின் பெட்டியோடு கொழும்பு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். துசானி ஜன்னலோரம் இருந்தாள். அவர் கீழே நின்று, பாஸ்போட் இருக்கா, தண்ணிப் போத்தல் இருக்கா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்டினாள். சாரதி எஞ்சினைப் போட்டுவிட்டார். நடத்துநர் இன்னும் கடை வாசலில் நின்று தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

பாக்கியரத்தினம் நடத்துநரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார்.