ஜாதிபத்திரிச் சிவப்பு

மகள் என் கையில் வைத்த நகப்பூச்சுக் குப்பியின் மேல் மலையாளத்தில் 'ஜாதிபத்திரி' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவள் தமிழ் பேசுவாள், எழுத வராது. இடப்பள்ளி ஃபிளாட்டில் தோழியோடு சேர்ந்து நிறங்களைக் கலந்து, சிறு குப்பிகளில் அடைத்து ஆன்லைனில் விற்கிறாள். குப்பியில் இருந்தது எங்கள் கொச்சங்காடி மசாலாக் கிடங்குகளில் காயும் ஜாதிபத்திரியின் அதே சிவப்பு. சாய்த்துப் பார்த்தால் உள்ளே பொன் துகள்கள் நகர்ந்தன.

"விளம்பரத்துல எல்லாரும் சின்னப் பொண்ணுங்க கையத்தான் போடுறாங்க உம்மா. எனக்கு ஒரு உம்மா கை வேணும். அடுத்த லீவுக்குப் பூசி போட்டோ அனுப்புங்க, கேட்டோ?"

லீவு என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் சொல். பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர் நகத்தைத் தொடாது. ஒளு இல்லாமல் தொழுகை இல்லை. அதனால் தொழுகை இல்லாத மாதவிலக்கு நாட்களில் மட்டும் நகம் பூசுவோம். ஒருத்தியின் நகம் சிவந்திருந்தால் மற்ற பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

எனக்கு லீவு நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. மகளிடம் சொல்லவில்லை. அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

மறுநாள் நண்பகலில் லுஹர் தொழுததும் ஜன்னலோரம் பழைய செய்தித்தாளை விரித்தேன். பூசி, படம் எடுத்து, மாலை அஸர் பாங்குக்கு முன் அழித்துவிடுவது என்பது ஏற்பாடு. நகங்களைத் துடைத்து, முதலில் நடுவில் ஒரு இழுப்பு, பிறகு இரு ஓரங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. நரம்பு தெரியும் என் கைக்கு அந்தச் சிவப்பு பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. பொருந்தியது. படம் எடுத்து அனுப்பினேன்.

அப்போது அடுக்களை வாசல் வழியாக இத்தா வந்தார். என் கணவரின் அக்கா, அடுத்த தெருவில் இருப்பவர்.

"எந்தா இது மணம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறியா?" என்றவர் என் கையைப் பார்த்தார். "ஓ, லீவா! உனக்கு இன்னும் ரிட்டயர்மென்ட் ஆகலியா பெண்ணே?"

சிரித்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீ இரி, நகத்தக் கெடுத்துக்காதே" என்று அவரே சாயா போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அஸர் பாங்கு கேட்டது. அவர் ஒளுச் செய்து, என் தொழுகைப் பாயை விரித்துத் தொழுதார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன்.

தொழுது முடித்து, பாயை மடித்தபடியே சொன்னார்: "எனக்கு நின்னப்போ ரொம்பச் சங்கடமா இருந்துச்சு. ஆருகிட்ட சொல்றது? கட்டின மாப்பிள்ளைகிட்டயா? நீ அப்ப நகம் செவக்க நடப்பே. ஒன்னப் பார்த்தா கொஞ்சம் அசூயைகூட வரும், போ."

எனக்கும் நின்றுவிட்டது இத்தா, என்றால் போதும். இத்தனை வருடத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. ஆனால் சொன்னால், பின் ஏன் தொழவில்லை என்று கேட்பார். சற்று முன் சிரித்த சிரிப்புக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "சாயாவுக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேணுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, "வேண்டா" என்றார். பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசினோம்.

அவர் போனதும் பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். சிவப்பு உடனே போனது, பொன் துகள்கள் போகவில்லை. ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பதற்குள் அந்தி மஃரிப் பாங்கு கேட்டுவிட்டது. தவறிய அஸரைக் களாவாகத் தொழுதேன். களாவாகத் தொழ முடிவது தொழுகையை மட்டும்தான்.

மகளிடமிருந்து பதில் வந்திருந்தது. "அடிபொளி உம்மா! அடுத்த லீவுக்குப் பச்சை தர்றேன்." சரி என்று எழுதினேன்.

காலையில் இத்தா ஒரு தூக்குப் பாத்திரத்தில் வெந்தயக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். "வயித்து வலிக்கு நல்லது. சூடாக் குடி." வாசலிலேயே நின்று, நான் குடிக்கத் தொடங்கும்வரை பார்த்திருந்தார். வெல்லம் அளவாக இருந்தது. நன்றாக இருக்கிறது இத்தா, என்றேன்.