ஓடாத சோதனைக்குப் பச்சை

எங்கள் மென்பொருள் நிறுவனத்து மேலாளரை எனக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. கொழும்பிலிருந்து வந்தவர். துறைமுகத்தைப் பார்த்த குளிரூட்டிய அறை அவருக்கு. உப்புக்காற்றில் துருப்பிடித்த யன்னலோடு பின்னறை எங்களுக்கு. சம்பூரிலிருந்து பஸ் மாறி வியர்த்து வந்து சேர்ந்தால், என் வணக்கத்துக்குப் பதிலாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு நிரல் ஓடும்போது கணினி நினைவகத்தின் எந்தெந்த இடத்தை எவ்வளவு தொடுகிறது என்று காட்டும் கருவி ஒன்றை வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்துகொண்டிருந்தோம். குசினியில் எந்த டப்பாவை அடிக்கடி திறக்கிறோம் என்று ஆள் வைத்துப் பார்ப்பது மாதிரி. அந்தக் கருவியைச் சோதிப்பது என் வேலை. அதற்கு, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடும் குட்டி நிரலை அது ஓடவிடும். கருவியின் அறிக்கையில் அந்த இடத்தின் பெயர் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. கணினியில் அளக்கும் வசதியே இல்லையென்றால் மஞ்சள். சோதிக்கவில்லை என்று பொருள்.

எங்கள் வாடகைச் சேர்வரில் அந்த வசதி இல்லை. ஆகவே எப்போதும் மஞ்சள்தான். மேலாளருக்கு மஞ்சளைக் கண்டால் ஆகாது.

“பிழை ஒண்டும் வரேல்லைத்தானே? பச்சை எண்டு மாத்துங்கோ.”

“சோதிக்கவே இல்லையே. ஏலாது. மூலையில கிடக்கிற பழைய கொம்பியூட்டரில அந்த வசதி இருக்கு. அதில ஓட்டிப் பாக்கட்டோ?”

“கரண்ட் பில்லை ஆர் கட்டுறது? நீங்கள் இன்னும் தகுதிகாண் காலத்தில இருக்கிறீங்கள், ஞாபகம் இருக்கட்டும்.”

இந்த வேலை நிரந்தரமாகிவிடும் என்று நம்பித்தான், மீள்குடியேறிய நாளிலிருந்து பாதியில் நின்ற எங்கள் வீட்டுச் சுவரை அம்மா மறுபடி கட்டத் தொடங்கியிருந்தார். அது மேலாளருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நான் மாற்றவில்லை. என் கணக்குக்குள் நுழைந்து அவரே மாற்றினார். எங்கள் கடவுச்சொற்கள் எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. அன்றிலிருந்து எல்லாம் பச்சை.

பிறகு வாடிக்கையாளர் தங்கள் கணினியில் கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். தொட்ட இடத்தை விட்டுவிட்டு, தொடாத இடங்களையெல்லாம் தொட்டதாக அது காட்டியது. இது எப்படிச் சோதனையில் தேறியது என்று கேட்டு எழுதினார்கள். மேலாளர் எல்லாரையும் கூட்டி வைத்து என்னைக் கைகாட்டினார்.

“ஸ்கிரிப்ட் எழுதினது இவதான். மன்னிப்புக் கேட்டு அவையளுக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ. நிரந்தரமாக்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்.”

பக்கத்து மேசையில் இருந்த கிண்ணியா ஊர்க்காரரைப் பார்த்தேன்; கிண்ணியா அண்ணன் என்போம். மாற்றியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும், “எனக்குப் பிள்ளையள் இருக்கு, தங்கச்சி,” என்று மெதுவாகச் சொன்னார். அன்றோடு அவரையும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

யாரிடமும் கேட்காமல் மூலைக் கணினியைத் தூசி தட்டி எடுத்தேன். மேலாளர் மாற்றிய வரியைப் பழையபடி ஆக்கி ஸ்கிரிப்டை ஓட்டினேன். சிவப்பு. மறுபடி ஓட்டினேன். சிவப்பு. திரையில் வந்ததை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். கருவியில் பிழை இருக்கிறது, எங்கள் சோதனை இதுவரை ஓடவேயில்லை, மஞ்சளைப் பச்சையாக்கியது நானல்ல என்று கூடவே எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவர்களின் பதில் மேலாளருக்கு வந்தது. எங்கள் நடுவில் நின்று அதைச் சத்தமாக வாசித்தார். பிழையை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, ஒப்பந்தத்தை நீடிக்கிறோம் என்று இருந்தது.

“பாத்தீங்களோ, எங்கட நேர்மைக்குக் கிடைச்ச மரியாதை,” என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். கிண்ணியா அண்ணனும் தட்டினார். சத்தம் அடங்கியதும் மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் திங்கள்ல இருந்து வர வேண்டாம்.”