பனியன் துணிக் கூடாரம்

பெண்பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போவதில் முகாம் சின்ன வேலை. அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலை. அறுபதுகளின் பிற்பாதியில் திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. வேறு யாரும் கை தூக்காததால் சாரணியர் படைக்கும் நானே தலைவி. நீலச் சீருடையும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாகப் பதினாறு பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளி மைதானத்து வேப்பமரத்தில் இரண்டு வருஷமாக முடிச்சுப் போட்டுப் போட்டு, மரத்துக்கே முடிச்செல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. மடத்துக்குளத்தில் நான் சிறுமியாக இருந்தபோது என் அண்ணன் சாரணர் முகாமுக்குப் போய்வந்து, கரிபிடித்த சட்டையைத் துவைக்கவே விடாமல் ஒரு வாரம் பெருமையடித்தான். நானும் போகிறேன் என்றதற்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம் எனக்கு. நல்லவேளையாக அந்தக் கோபத்தில் கொஞ்சம் உருப்படியான காரியத்துக்கும் பயன்பட்டது.

தலைமையாசிரியை என் நச்சரிப்புத் தாங்காமல் சம்மதித்தார். ஆனால் நிபந்தனை போட்டார். "சனிக்கிழமை போய் ஞாயிறு சாயந்தரம் பதினாறு பேரும் ஒண்ணா வரணும். நடுவுல ஒரு பிள்ளையை, ஒரே ஒரு பிள்ளையை, வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாலும் இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே முகாம்ங்கற பேச்சே கிடையாது." அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் பேசினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் மோர் கிடைத்தது, சம்மதம் கிடைக்கவில்லை. "அவரு அனுப்பறாருங்களா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அவர் என்பது எங்கள் படையின் மூத்த பெண்ணுடைய அப்பா. சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் துணியைத் தொட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் அதற்கு மறுவார்த்தை கிடையாது. நூல் வாங்குகிறவரிலிருந்து பனியன் விற்கிறவர் வரை, அவர் சொன்னால் சரி என்பார்கள்.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், ஊடு இருக்கறப்ப புள்ளைக எதுக்குங்க காட்டுல போய்ப் படுக்கோணும்?"

நியாயமான கேள்வி. புத்தகத்தில் இருந்த பதிலெல்லாம் அந்த நேரத்தில் உளறலாகத் தோன்றியது. "தன் கையால அடுப்பு மூட்டி, தன் கையால கட்டுன கூடாரத்துல ஒரு நாள் படுத்துப் பாக்கட்டுமுங்க. எனக்கு அது கிடைக்கலீங்க" என்றேன். அவர் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லீங்க. ஒரு ராத்திரி தானுங்களே, போயிட்டு வரட்டும்" என்றார். அன்று மாலைக்குள் மற்ற பதினைந்து வீடுகளும் சம்மதித்துவிட்டன.

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டம் கிடைத்தது. கடலைக்காய் பிடுங்கி வெறுமனே கிடந்த காடு, பக்கத்தில் கிணறு. தோட்டக்காரரும் அவர் மனைவியும் நல்ல மனிதர்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், அரிக்கேன் விளக்கு எல்லாம் சேர்த்தாயிற்று. கூடாரம் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தவர்கள் மட்டும் கடைசி நேரத்தில் கையை விரித்தார்கள். கித்தான் கூடாரங்கள் பையன்கள் படைக்குப் போய்விட்டனவாம். பெண்பிள்ளைகள் எங்கே போகப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் ஆசிரியைகள் அறையில் போட்ட சத்தத்தில் மணியடிக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செய்தி கம்பெனிக்காரர் காதுக்குப் போனது. நேரே பள்ளிக்கே வந்துவிட்டார். "நம்மூர்ல துணிக்கா பஞ்சமுங்க டீச்சர்? கூடாரத்த நான் தெச்சுத் தர்றனுங்க" என்றார்.

தைத்தும் தந்தார். வட்ட மிஷினில் குழாய் குழாயாக இறங்கும் பனியன் துணியை நீளவாட்டில் கிழித்து, இரண்டு மடிப்பாகப் போட்டு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். பள்ளி மைதானத்தில் நல்ல வெயிலில் கட்டிப் பார்த்தோம். நான்கு கூடாரங்களும் வெள்ளை வெளேரென்று நின்றன. பள்ளிக்கூடமே கை தட்டியது. அவருடைய கட்டிங் மாஸ்டரும் டெய்லர்களும் வந்து நின்று பார்த்து மகிழ்ந்துபோனார்கள். பனியனிலேயே பிறந்து பனியனிலேயே வளர்ந்த ஊர் அது. துணி என்றால் எங்களுக்குப் பனியன் துணிதான். அந்தத் துணியை எதற்காகச் செய்கிறோம் என்று அங்கே நின்ற ஒருவருக்கும், படித்த எனக்கும் சேர்த்துத்தான், தோன்றவில்லை. பனியன் துணி இழுத்தால் நீளும். ஈரத்தைக் கண்டால் குடிக்கும். அதற்காகத்தானே மனிதர்கள் அதை உடம்பில் போட்டுக்கொள்கிறார்கள்!

காலாண்டுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை காலை, ஈரோடு பாசஞ்சரில் ஏறினோம். பிள்ளைகள் வண்டியையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, மூங்கில் நட்டு, முளையடித்து, கயிறு கட்டி, மத்தியானத்துக்குள் நான்கு கூடாரமும் எழுந்துவிட்டன. தோட்டக்காரர் மனைவி ஒரு உருண்டை வெண்ணெய் கொண்டுவந்தார். சமைத்துத் தரட்டுமா என்று நாலு தடவை கேட்டு, நாலு தடவையும் நாங்கள் வேண்டாம் என்றதில் மனம் நொந்து போனார். பிள்ளைகள் பட்டினி கிடந்துவிடுவார்கள் என்றே அவர் நம்பினார்.

சாப்பிட்டு முடித்துப் பார்க்கிறேன், கூடாரங்களுக்கு வயிறு தொங்குகிறது. கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொங்கியது. மறுபடியும் இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் துணி வளர்ந்துகொண்டே போனது. நாலு பேருக்கென்று தைத்த கூடாரத்தில் எட்டுப் பேர் படுக்கலாம், ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது என்ற நிலைமை. நான் விசிலை ஊதி, "இரண்டு வருஷமா என்ன முடிச்சு கத்துக்கிட்டீங்க?" என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

கம்பெனிக்காரர் மகள் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். "முடிச்சு சரியாத்தானுங்க டீச்சர் இருக்குது. துணிதானுங்க நிக்க மாட்டேங்குது" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. அது அவள் அப்பா கொடுத்த துணி.

நாலு மணிக்கு மழை பிடித்தது. புரட்டாசி மழை சொல்லிக்கொண்டு வராது. நான்கு கூடாரமும் அந்த மழையை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கைகளின் மேல் உட்கார்ந்தன. அடுப்பில் அரிசி அரைவேக்காடு. தோட்டக்காரர் ஓடிவந்து, கடலைக்காய் மூட்டை போட்டு வைக்கும் சாளையைத் திறந்துவிட்டார். தென்னங்கீற்று வேய்ந்த நீளமான கொட்டகை அது. பிள்ளைகள் அடுப்பையும் அண்டாவையும் நெருப்போடு தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள்.

அழுவார்கள் என்று நினைத்தேன். அழுகிற நிலைமையில் நான்தான் இருந்தேன். சாயப்பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி வீரபாண்டியிலிருந்து வருகிறவள். ஈரத்துணியைப் பிழிவது அவள் வீட்டில் அன்றாட வேலை. கூடாரத் துணியைச் சாளையின் தூணில் சுற்றிப் போட்டு, மறுமுனையில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினாள். தண்ணீர் கொட்டியது. உடனே எல்லோரும் முறைவைத்துக்கொண்டு, யார் துணியில் அதிகத் தண்ணீர் என்று போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் தோட்டத்து வழியில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பெனி வேன். குடையோடு இறங்கியவர் அவர்தான்.

ஞாயிறு வரை பெற்றோர் யாரும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மழையைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வரப்பில் நின்று, சேற்றில் கிடந்த மூங்கில்களைப் பார்த்தார். சாளைக்குள் வந்து, பிழிந்து போட்டிருந்த தன் துணியைக் கையில் எடுத்தார். இரண்டு விரலால் இழுத்தார். அது பாட்டுக்கு நீண்டது. அதைக் கீழே வைத்தார்.

"டீச்சர், வேன் காலியாத்தானுங்க இருக்குது. நெருக்கி உக்காந்தா எல்லாப் புள்ளைகளும் ஏறிக்கலாமுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தலைமையாசிரியையின் முகம் கண்முன் வந்தது. முடிந்தது, இனி எந்தப் பெண்ணுக்கும் முகாம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மகள் கட்டையை விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"வாங்கப்பா. சோறு ஆயிட்டே இருக்குதுங்க. இருந்து சாப்பிட்டுட்டுத்தானுங்க போகோணும்."

எங்கள் பக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போக யாருக்கும் மனசு வராது. கூப்பிட்டது பெற்ற பெண் என்றாலும் அதுதான் வழக்கம். அவர் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கடலைக்காய் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

ஈர விறகில் சமைத்த சாப்பாடு. ரசத்தில் புகை வாசம், சோற்றில் வேகாத நடு அரிசி. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கத் தெரியாமல் கருக்கி வைத்திருந்தார்கள். பதினாறு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். இலையில் சோறு தீர்ந்ததும், "இன்னும் சித்தெ போடு கண்ணு" என்றார். போட்டாள். அதையும் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்குச் சாயந்தரம் ஸ்டேசனுக்கு வந்தர்றனுங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார். வேனில் யாரும் ஏறவில்லை. தோட்டக்காரர் மனைவி என் கண்ணைப் பார்த்துவிடப் போகிறாரே என்று அடுப்புப் புகையின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. அவர் ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னால், காலையில் மற்றவர்கள் வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஞாயிறு விடிந்ததிலிருந்து என் கண் தோட்டத்து வழியிலேயே இருந்தது. பால்காரரைத் தவிர ஒருவரும் வரவில்லை. நல்ல வெயில் அடித்தது. பிள்ளைகள் கூடாரத் துணிகளைக் காயப்போட்டார்கள், கிணற்றடியில் குளித்தார்கள், மறுபடியும் சமைத்தார்கள், தோட்டக்காரர் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லீங்க, பொழைச்சுக்குமுங்க" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மாலை திருப்பூர் ஸ்டேஷனில் எல்லாப் பெற்றோரும் நின்றார்கள். பதினாறு பேரும் இறங்கினார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து மழையில உசுரே போயிருச்சுங்க டீச்சர். எங்கூட்டுக்காரரு சட்டையப் போட்டுக் கிளம்பிட்டாருங்க. அப்பத்தானுங்க அந்தக் கம்பெனிக்கார அண்ணன் நனைஞ்சுட்டே வந்து, கூடாரம் கல்லாட்டம் நிக்குது, ஒரு சொட்டு எறங்கல, நானே பாத்துட்டு வர்றேன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்க."

அடுத்து இன்னொருவரும் அதையே சொன்னார். பதினைந்து வீட்டுக்கும் போயிருக்கிறார். துணி விஷயத்தில் பொய்யே சொல்லாத மனிதர், தன் துணியைப் பற்றியே அத்தனை வீட்டு வாசலிலும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி மகளின் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்தப் பொய் அவரைச் சும்மா விடவில்லை. அந்த வாரமே பையன்கள் படையின் ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். கல் மாதிரி நிற்கிற கூடாரம் தங்களுக்கும் வேண்டும் என்று கம்பெனிக்குப் போனாராம். "அது பொண்ணுங்களுக்கு மட்டுந்தானுங்க தெக்கறது" என்று கம்பெனிக்காரர் அனுப்பிவிட்டாராம். நான் சிரித்த சிரிப்பின் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

நன்றி சொல்ல நான் கம்பெனிக்குப் போனேன். மிஷின் சத்தத்தில் பேச்சே கேட்காது. நான் உரக்கச் சொல்ல, அவர் கையை அசைத்து அதெல்லாம் எதற்கு என்பதுபோல் மறுத்தார். ஏதோ நினைவு வந்தவராய் என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த கேம்ப்புல சோறு மட்டும் இன்னும் சித்தெ வேகோணுமுங்க டீச்சர்" என்றார்.