விறுவிறுவென்று ஓடிய மாவுப்பூச்சி

ஊறுகாய் தீர்ந்துபோன ஒரு கண்ணாடிப் பாட்டில். அதன் வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டி நூலால் இறுக்கியிருந்தேன். உள்ளே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடியின் கொழுந்து ஒன்று, அதில் அப்பிக் கிடந்த மாவுப்பூச்சிகள், அவற்றின் நடுவே எனக்குப் பேர் தெரியாத இரண்டு பூச்சிகள். அந்தப் பாட்டிலை நீட்டிக்கொண்டு என் ஓரகத்தி முன்னால் நின்ற காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் எனக்கும் சேர்த்து அவரே பேசினார். பஸ்ஸில் டிக்கெட் கேட்பது, ரேஷன் கடையில் சண்டை போடுவது, என் மகளின் பள்ளிக்கூடத்தில் விசாரிப்பது எல்லாம் அவர்தான். ஐந்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கற?" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே என் காரியத்தையும் முடித்துக் கொடுப்பார். அவர் சொன்னதை நான் மறுத்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில், கொல்லை என்று நாங்கள் சொல்லும் எங்கள் வயலில் செடிகளின் நுனி சுருண்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய குச்சிக்கிழங்கு, இந்தப் பக்கம் என்னுடையது. கொழுந்து விரியாமல் முட்டைக்கோசு போலக் கொத்தாக நின்றது. பிரித்துப் பார்த்தால் அரிசி மாவைத் தூவினாற்போல வெள்ளைப் பூச்சி. இலை கெட்டால் கிழங்கு பருக்காது. வீட்டுக்காரரும் தவறிப்போன எனக்கு அந்த வருடம் வேறு பயிர் இல்லை. "பெருசா இருக்கறதுதான் தாயிப்பூச்சி. அத மொதல்ல நசுக்கு புள்ள" என்றார் ஓரகத்தி. தினமும் விடிந்ததும் கொழுந்து கொழுந்தாகப் பிரித்து, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கும் பெரிய பூச்சிகளாகப் பார்த்து நசுக்கினோம். இரண்டு வாரம். பூச்சி கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்படி ஒன்று ஒருநாள் என் விரலுக்குத் தப்பி மணிக்கட்டு வரை விறுவிறுவென்று ஓடி வந்தது. மாவுப்பூச்சி இப்படி ஓடாதே, ஒட்டின இடத்தில்தானே கிடக்கும் என்று சந்தேகம் வந்து அதை இலையில் விட்டேன். அது நேரே போய் ஒரு சின்ன மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்ன ஆரம்பித்தது. அப்படியென்றால் இத்தனை நாள் நாங்கள் தேடித் தேடிக் கொன்றது எங்களுக்கு வேலை செய்ய வந்தவர்களையா? நம்ப முடியாமல் இரண்டைப் பிடித்துப் பாட்டிலில் போட்டேன். மறுநாள் பார்த்தால் கொழுந்து பாதி சுத்தமாகியிருந்தது. புதுக் கொழுந்து வைத்தேன், அதுவும் குறைந்தது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். நாலாம் நாள் காலையில் கொல்லைக்குப் போனால், ஓரகத்தி இரண்டு கொல்லைக்கும் சேர்த்து மருந்தடிக்க ஆளை வரவழைத்திருந்தார். அந்த ஆள் டேங்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மருந்துக்கு நல்ல பூச்சி கெட்ட பூச்சி தெரியாது. வீட்டுக்கு ஓடிப் பாட்டிலை எடுத்து வந்தேன்.

"அக்கா, வேணாங்க்கா."

"என்னாடி வேணாம்?"

"மருந்து வேணாங்க்கா. இதப் பாருங்க. ஓடறது தாயி இல்லைங்க. இது அதத் திங்குது. நாமதான் தெரியாம கொன்னுட்டோம். உங்க கொல்லையிலயும் பத்து நாளு பொறுங்க்கா."

மருந்தடிப்பவர் சிரித்தார். "ஏம்மா, நான் பூச்சியக் கொல்ல வந்தனா, இல்ல பூச்சிக்குப் பந்தி பரிமாற வந்தனா?"

ஓரகத்தி சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ வாயத் தொறந்து வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. நீங்க போயிட்டு அப்புறமா வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பத்தே நாளு. பதினொன்னாம் நாளு நானே டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு வருவேன்."

அந்தப் பத்து நாளும் பொழுதுக்கும் கொல்லையிலேயே கிடந்தேன். என் பேச்சைக் கேட்டு அவர் பயிரும் போய்விட்டால்? பாட்டிலில் இருந்தவை அசையாமல் ஒட்டிக்கொண்டபோது செத்துவிட்டன என்று அழுதேன். பிறகு அவற்றிலிருந்து கருப்பு முதுகும் செம்பழுப்புத் தலையுமாக உளுந்தம்பருப்பு அளவில் வண்டுகள் வந்தன. இடையில் ஒரு கோடை மழையும் பெய்தது. மழை எவ்வளவு செய்தது, வண்டு எவ்வளவு செய்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ரோட்டோரத்து இரண்டு வரிசை தேறவில்லை. மற்ற செடிகளில் புதுக் கொழுந்து நேராக விரிந்தது.

பதினோராம் நாள் ஓரகத்தி வெறும் கையோடு வந்தார். ஒவ்வொரு நுனியாகப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "இன்னும் என்னென்ன பாத்து வெச்சிருக்கடி, எங்கிட்ட சொல்லாம?" என்றார். அன்றைக்கு நான் பேசினேன், அவர் கேட்டார்.

இப்போது அவர் ஒசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் போன் வரும். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், "கொல்லையில புதுசா என்னா பூச்சி?" என்பார். இன்று காலை சொன்னேன்: சின்னச் சின்னக் குச்சிகளை அடுக்கிச் சட்டை போலப் போட்டுக்கொண்டு ஒரு புழு முருங்கை மரத்தில் நடந்து போகிறது என்று.

"அது நல்லதா, கெட்டதா புள்ள?"

"இன்னும் தெரியலைங்க்கா. நசுக்காம பாத்துக்கிட்டு இருக்கறேன்."