முந்திக்கொள்ளும் சிகாபுதீன்

மதியம் ஒன்றே கால் ஆனதும் சிகாபுதீன் கண்ணாடி மேசைக்கு அடியிலிருந்து கேரம் பவுடர் டப்பாவை எடுக்கிறார். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியிலும் கொஞ்சம் தடவிக்கொள்கிறார். மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் இருக்கும் பித்தளை உருளிக்குள் போடுகிறார். கைப்பேசியைக் கண்ணாடியின் மேல் படுக்கவைத்து, பிஸ்மி சொல்லி, விளையாட ஆரம்பிக்கிறார். ஐம்பத்தொரு வயது மனிதர். எர்ணாகுளத்துக்கு அருகே, யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய பூட்டுகளும் கடிகாரங்களும் விற்கும் கடை அவருடையது. வெயில் ஏறி வெளிநாட்டுக்காரர்கள் ஏசி அறைகளுக்கு ஓடிவிடும் இந்த ஒன்றரை மணி நேரம்தான் அவருக்குப் பயிற்சி நேரம்.

விளையாட்டு எளிமையானது. பாட்டு ஓடும். தாளத்துக்கு ஏற்ப வண்ணக் கட்டைகள் மேலேயிருந்து இறங்கும். கீழே ஒரு கோடு. கட்டை கோட்டைத் தொடும்போது விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பெர்ஃபெக்ட். பிந்தினால் லேட். முந்தினால் ஏர்லி. லேட் என்ற சொல்லைச் சிகாபுதீன் முதல் மூன்று வாரம் கண்ணால் கண்டதே இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஏழு மணி ரயிலுக்கு ஐந்து மணிக்கே எர்ணாகுளம் ஸ்டேஷனில் நிற்பவர் அவர். நான் இங்கே ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீசில் கடிதம் எழுதுகிற வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடத்தில் அவரிடம் நான் முழுசாகச் சொல்லி முடித்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "நேத்து ஆபீஸ்ல..." என்று தொடங்கினால், "லீவு தந்தில்லே, அல்லே சாரே?" என்பார். நான் சொல்ல வந்தது ஆபீசுக்குள் சாரைப்பாம்பு வந்த கதை. அதை இன்றுவரை அவரிடம் சொல்ல முடியவில்லை.

வியாபாரத்திலும் அப்படியே. யாராவது ஒரு பூட்டைக் கையில் எடுத்தால் போதும், இவர் அதைச் சுற்றப் பழைய பேப்பரைக் கிழித்துவிடுவார். வந்தவர் மிரண்டுபோய்ப் பூட்டை வைத்துவிட்டுப் போவார். எதிரே ஏலக்காய், பட்டை விற்கும் ராமபத்ரன், "சிகாபு பார்பர் ஷாப் வச்சிருந்தா, ஆள் படியேறறதுக்குள்ள பாதி மொட்டை ஆயிருக்கும்" என்பார். சிகாபுதீன் கோபித்துக்கொள்ள மாட்டார். "சாமிக்கு அசூயை" என்று ராமபத்ரனைக் காட்டிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத ஒரு விஷயம் வீட்டில் இருக்கிறது. அவருடைய ஒரே மகள் ஃபிதாவுக்கு இருபத்திரண்டு வயது. அழகாகப் படம் வரைவாள். பேச்சு மட்டும் சில எழுத்துகளில் திக்கி நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் தானாகவே வந்துவிடும். பொறுக்கிற பழக்கம்தான் அவளுடைய அத்தாவுக்குக் கிடையாதே. சின்ன வயதிலிருந்து அவள் தொடங்கிய சொல்லை எல்லாம் இவரே முடித்து வைத்தார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். பாசக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன ஆகஸ்டில் கலூரில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் அவளுக்கு இன்டர்வியூ. துணைக்குப் போனவர், யாரும் கூப்பிடாமலே அறைக்குள்ளும் போய் உட்கார்ந்தார். பெயர் கேட்டார்கள், இவர் சொன்னார். படிப்பைக் கேட்டார்கள், இவர் சொன்னார். படம் வரைய ஏன் பிடிக்கும் என்று கேட்டார்கள். அது இவருக்குத் தெரியாது. அதற்கும் இவரே பதில் சொன்னார்.

வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது தோப்பும்படி வரைக்கும் ஃபிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்திருக்கிறாள். பிறகு இவருடைய சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. பக்கத்து சீட்டில் இருந்த மகளிடமிருந்துதான் செய்தி. மலையாள எழுத்தில் எழுதிய தமிழ். அவளுக்குத் தமிழ் எழுத வராது. "இனி எனக்கு வேண்டி அத்தா ஒண்ணும் பறைய வேண்டாம்."

அன்றிலிருந்து அவள் அவரிடம் வாய் திறந்து பேசுவதில்லை. உம்மா ரம்லத்திடம் பேசுவாள், தோழிகளிடம் பேசுவாள். இவருக்கு வாட்ஸப் மட்டும். மதியச் சோற்றைக் கடையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள். வைத்துவிட்டு அங்கேயே நின்று, "சோறு வச்சிருக்கு" என்று செய்தி அனுப்புவாள். நான் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டேன். சிகாபுதீனின் முகத்தைப் பார்த்த பிறகு, சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள்தான் இந்த விளையாட்டை அனுப்பினாள். "இது களிச்சு நோக்குங்க." விளையாடிப் பாருங்கள் என்பதற்கு மேல் வேறு ஒரு வார்த்தை இல்லை. முதல் பாட்டில் நூற்றுப்பன்னிரண்டு கட்டைகள். அதில் எண்பத்து மூன்று ஏர்லி. ஃபோன் கெட்டுப்போய்விட்டது என்று மனைவியிடம் நீட்டினார். ரம்லத் வாங்கிப் பார்த்தார்.

"ஃபோனுக்குக் கேடு ஒண்ணும் இல்லே. அது உங்களைத்தான் பறையுது."

அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிகாபுதீன் உருளியிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு அப்பத்தான் மனசிலாச்சு சாரே. இந்தப் புள்ளே இருபது வருஷமா இதைத்தான் கண்டிருக்கா." ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சொல்ல விடவில்லை.

அவர் வேண்டுவது மார்க் இல்லை. மகள் தன்னோடு பேச வேண்டும். அதற்கு வேறு வழி தெரியாததால் தினமும் தட்டுகிறார். வாயால் எண்ணிப் பார்த்தார், காலால் தாளம் போட்டுப் பார்த்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு மகளிடமே கேட்டு எழுதினார். "கட்டையைத் துரத்தாதீங்க. அது இங்கேதான் வரும்" என்று பதில் வந்தது. அதை எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார்.

பாட்டின் நடுவே ஓர் இடம் உண்டு. நாலு விநாடி ஒரு கட்டையும் விழாது. அங்கேதான் அவர் தோற்பார். வெறும் திரையைத் தட்டிவிடுவார், அதுவரை சேர்த்ததெல்லாம் போய்விடும். "நாப்பது கட்டை வந்தாலும் நான் தாங்குவேன். ஒண்ணும் வராம இருக்கே, அதுதான் பாடு" என்பார். பவுடரையும் குறை சொன்னார். இடையில் விரலை மிகவும் அடக்கிக்கொண்டு ஒரு வாரம் முழுக்க லேட் வாங்கினார். அது அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் காட்டினார்.

ஜனவரியில் ஏர்லி நாற்பதுக்கு இறங்கியது. பிப்ரவரி கடைசியில் பதினொன்று. அந்த வாரம் ஒரு டச்சுக்காரக் கிழவி ஒரு கடிகாரத்தைக் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிகாபுதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்தபடி நின்றார். எதிர்க்கடையிலிருந்து ராமபத்ரன் ஓடிவந்தார்.

"என்ன சிகாபு, மார்வலியா?"

கிழவி கடிகாரத்தை வாங்கிப் போனாள்.

வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. செய்திகள் வந்தன, குரல் வரவில்லை. ஏர்லி ஏழுக்கு வந்த அன்று திரையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அன்று மாலை என்னோடு சாயா குடித்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு நான் நினைத்திருந்தால் பாம்புக் கதையையே சொல்லி முடித்திருக்கலாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பயிற்சி முடிந்து அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பழைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ராமபத்ரன் சில்லறை மாற்ற வந்து வாசலில் நின்றார். ஃபிதா சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். கைப்பேசியை எடுப்பாள் என்று காத்திருந்தோம். எடுக்கவில்லை.

"அத்தா" என்றாள்.

சிகாபுதீனின் வாய் திறந்து மூடியது.

"வியாழக்கிழமை அந்தக் கம்பெனியில பின்னேயும் இ... இ... இன்டர்வியூ." அவள் அவரைப் பார்த்தே பேசினாள். "நீங்க வ... வ..."

அங்கே நின்றுவிட்டது. வரச் சொல்கிறாளா, வர வேண்டாம் என்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அவள் கண்ணை மூடித் திறந்து மறுபடி முயன்றாள். "வ..."

"வர வேண்டாம்ங்கறியா குழந்தே..." என்று ராமபத்ரன் தொடங்கினார். நல்ல மனசுதான்.

சிகாபுதீன் மகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே ராமபத்ரன் பக்கமாகக் கையை உயர்த்தினார். ராமபத்ரன் நிறுத்திக்கொண்டார்.

"வரணும்" என்றாள் ஃபிதா.

அவர் கை அப்படியே இருந்தது.

"வெளியே இருந்தா போ... போதும்."

அதற்குப் பிறகும் அவர் கையை இறக்கவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்ல வைத்திருக்கலாம் என்று காத்திருந்தார்.