எழுபதில் நின்ற முள்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கே நடந்தது. போன டிசம்பரில், என் ஒர்க்‌ஷாப்பில், டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே நடந்தது. நேரத்தைக்கூட விடாமல் எழுதுகிறேன். சரிபார்க்க நினைப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் ரவிச்சந்திரன். அந்தமான் போர்ட் பிளேரில், சாத்தம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக இதே தொழில்.

எல்லாம் ஒரு வண்டியால் வந்தது. 1985 மாடல் ராஜ்தூத் 350. இரட்டை சிலிண்டர், இரட்டை சைலன்சர். ஒரு உதை உதைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். குட்வில் எஸ்டேட்டில் இருந்த ஜெகநாதன் சாருடையது. எட்டு வருடம் அதற்கு சர்வீஸ் செய்தது நான்தான். ஒரு வாஷர் தேய்ந்தாலும் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்துப் போடுவேன். சாருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பிறகு வண்டி எனக்குத்தான் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த வண்டியில் ஒரே ஒரு கோளாறு. ஸ்பீடு மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வராது. வண்டி நிற்கும்போதும் எழுபது பக்கம் நின்றுகொண்டு லேசாக நடுங்கும். சரி செய்யட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அத மட்டும் தொடாத ரவி" என்பார். கடைசியாக வண்டி என்னிடம் வந்தபோது தொட்டேன். மீட்டருக்குள் கோத்திருந்த மழை ஈரத்தைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். கையோடு முள்ளையும் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் அது அசையவே இல்லை. திரும்பப் போடும்போது கண்ணாடி உடைந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் ஒரு வேலையாக வடக்குக் கோடியில் இருக்கிற டிக்லிப்பூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஜெகநாதன் சார் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது.

வண்டி இரண்டு வருடம் அவர் வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. சார் மனைவி சுசீலா அக்காவிடம் ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் அதைத் தன் தங்கை மகன் அருண்பிரசாத்துக்குக் கொடுத்துவிட்டார். அவனுக்கு இருபத்தாறு வயது. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்றுகூடத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வண்டியை அவன் என்னிடமே தள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, பாக்க பழசா இருக்கணும். உள்ள எல்லாம் நயா."

முன்னால் டிஸ்க் பிரேக். எல்.ஈ.டி. ஹெட்லைட். புது இக்னிஷன். டிஜிட்டல் மீட்டர். சாமான்கள் கப்பலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. அந்த வண்டிக்குக் குறை வைக்க என்னால் முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமான் எதுவானாலும், வளைந்த போல்ட் உட்பட, சாக்கில் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். தீவில் சாமானுக்கு அவ்வளவு பஞ்சம். பதினாறு வருடத்தில் நான் அதை மீறியதே இல்லை. அன்று மீறினேன். வண்டிதான் கிடைக்கவில்லை, அதன் முகமாவது என்னிடம் இருக்கட்டும் என்று பழைய மீட்டரை டிராயருக்குள் வைத்துவிட்டேன்.

அருண் சாக்கைப் பிரித்துப் பார்த்தான்.

"பழைய மீட்டர் எங்கண்ணா?"

"துரு புடிச்சு உதிந்து போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"தீக் ஹை அண்ணா" என்று சிரித்தான். வண்டி கிடைத்தவன் சிரிக்கத்தானே செய்வான்.

டிசம்பரில் எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். 5:31க்கு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலில் நின்றேன். பிறகு மீட்டரை எடுத்து, இறுகிக் கிடந்த முள்ளின் அடியில் ஒரு சொட்டு ஆயில் விட்டு, மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

5:38.

டிக்.

முள் எழுந்தது. முப்பது... ஐம்பது... எண்பது. அங்கேயே நின்று நடுங்கியது.

கேபிள் இல்லை. வயர் இல்லை. வெறும் ஆணியில் தொங்குகிற மீட்டர்.

அருணுக்கு போன் போட்டேன். "இப்ப எவ்ளோ ஸ்பீடுல போன?"

"ஹவா மாதிரி பறந்தேண்ணா. மீட்டர யாரு பாத்தா?"

அவன் வேகத்தைத்தான் இது காட்டுகிறது என்று முடிவு செய்துகொண்டேன். பயந்தேன். உண்மை. அப்போதே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மனம் வரவில்லை. வண்டி அவனிடம் இருந்தாலும் அது எப்படிப் போகிறது என்பது எனக்கு மட்டும்தானே தெரிகிறது என்று ஒரு அற்ப சந்தோஷம். தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தேன். எண்பது, தொண்ணூறு, மறுபடி எழுபது. அவன் ஆபீசில் இருக்கும் நேரத்திலும் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஸ்பிரிங் போய்விட்டது போல என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள். ஞாயிற்றுக்கிழமை.

5:20க்கு அருண் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினான். பின்னால் ஒரு பெண். ப்ரியங்கா என்று அறிமுகப்படுத்தினான். எதிர்க்கரையில் பேம்பூஃப்ளாட் வரை ஒரு ரவுண்டு போய் வருகிறார்களாம். எட்டு வருடம் நான் துடைத்த டேங்கின் மேல் அவன் விரலால் தாளம் போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

5:44. முள் தொண்ணூறு.

நூறு.

நூற்றுப் பத்து.

அவளுக்குப் படம் காட்டுகிறான். என் வண்டியில்.

"போதும்டா" என்று சத்தமாகவே சொன்னேன். முள்ளின் மேல் விரலை வைத்தேன். கீழே தள்ளினேன்.

முள் என் விரலுக்கடியில் துடித்தது. டப்... டப்... டப்...

பூஜ்யம்.

துடிப்பு நின்றது.

நான் விரலை எடுக்கவில்லை...

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்தேன். முள் மெல்ல ஏறியது. இருபது... நாற்பது...

5:52. அருண் நம்பரிலிருந்து போன். பேசியது ப்ரியங்கா.

"ரவி பய்யா, அருண் விழுந்துட்டான். மூச்சே இல்ல... இப்பத்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் பேசினான். ஆக்சிடென்டா என்று கேட்டேன்.

"வண்டி ஓடவேயில்லண்ணா. சாத்தம் ஜெட்டில, ஃபெர்ரிக்கு லைன்ல நின்னோம். இன்ஜின் ஆஃப். கல்யாணத்துக்கு வீட்ல பேசட்டுமான்னு ப்ரியங்காட்ட கேட்டேன். ஹான்னு தலையாட்டுனா. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அப்புறம்..."

"அப்புறம்?"

"யாரோ விரல வச்சு அமுக்குன மாதிரி."



அன்று மாலையே மீட்டரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு குட்வில் எஸ்டேட் போனேன். பொய் சொல்லி வைத்துக்கொண்டேன் என்று சுசீலா அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். முள்ளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. சாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு டீ குடிச்சிட்டு இருந்தாரு தம்பி. திடீர்னு நெஞ்சப் புடிச்சாரு. யாரோ விரல வச்சு அமுக்குறாங்க சுசீன்னாரு. அவ்ளோதான். ஆகஸ்ட் ஏழு. சாயங்காலம் அஞ்சு நாப்பத்தொண்ணு. கடிகாரத்தப் பாத்துட்டே டாக்டருக்கு போன் பண்ணேன், அதான் மறக்கல."

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவர் முன்னாலேயே போனை எடுத்துத் தேடினேன். சாரின் வண்டி கடைசியாக என்னிடம் இருந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில், சொந்தக்காரன் போல அதன் மேல் உட்கார்ந்து ஒரு செல்ஃபி எடுத்திருந்தேன். படத்தில் நான் சிரிக்கிறேன். கண்ணாடி இல்லாத மீட்டர் தெரிகிறது. என் விரல் முள்ளின் மேல் இருக்கிறது. முள் பூஜ்யத்தில்.

ஆகஸ்ட் 7. மாலை 5:41.

அக்கா பொட்டலத்தை என் பக்கமே நகர்த்தினார். "வண்டியவே உனக்குத்தான் குடுத்திருக்கணும். நீ ஆசப்பட்டது எனக்குத் தெரியும். அருண்ட்ட நான் சொல்லிக்கறேன். இதையாவது வச்சுக்கோ. இனிமே இது உன்னோடது."

மறுக்க முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பிரித்தேன். 6:47.

முள் தொண்ணூற்று நான்கில் நின்றது.

ப்ரியங்காவுக்கு போன் செய்தேன். அருண் நன்றாகத் தூங்குகிறானாம். தலைமாட்டு மெஷினில் இதயத் துடிப்பு அறுபத்தெட்டு என்றாள்.

அறுபத்தெட்டு.

என் மணிக்கட்டைப் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன்.

தொண்ணூற்று நான்கு.

தண்ணீர் குடித்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தேன். திறந்தபோது முள் எண்பதுக்கு இறங்கியிருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம், அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நேற்று மாலை அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து டயர் கடைக் கந்தன் உள்ளே வந்தான். அவனுக்கும் இந்தத் தெருவில் என் தொழில் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

"அரே, ராஜ்தூத் மீட்டரா? உனக்கு மட்டும் எங்கருந்துய்யா கெடைக்குது?" என்று குனிந்து பார்த்தான். "முள்ளு மேலயே நிக்குதே. தள்ளி விடட்டா?"

விரலை நீட்டிவிட்டான். தட்டிவிட்டேன். முறைத்துக்கொண்டே போனான்.

மீட்டருக்கு மேலே போடக் கண்ணாடி வேண்டும் என்று சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன். கப்பல் இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை.