சுண்டு விரல்

ஆறாம் வகுப்பு வரைக்கும் நான் வரைந்த மனிதர்கள் யாருக்கும் கை கிடையாது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோ பைக்குள் விட்டுக்கொண்டோதான் நிற்பார்கள். கை எனக்கு வரவே வராது. அந்த வருடம் பள்ளியில் ஓவியப் போட்டிக்கு ‘உழைக்கும் அம்மா’ என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். கையை ஒளித்துவைத்துவிட்டு எந்த அம்மாவை உழைக்க வைப்பது?

செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டம், அதிலிருந்து ஐந்து கோடு, கை தயார், ரொம்ப ஈஸி என்றான் அந்த ஆள். எனக்கு வாழைச்சீப்புதான் வந்தது. அவன் ஈஸி என்ற ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரிக்கலாம்பாக்கத்துத் தெருக்களில் மீன் விற்றுவிட்டு அம்மா மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அன்று அவளைச் சாப்பிடக்கூட விடாமல் உட்காரவைத்து, வலது கையைத் தரையில் விரிக்கச் சொன்னேன். வீடியோவை அணைத்துவிட்டு, அந்தக் கையையே பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் முறையாகக் கை மாதிரி ஒன்று வந்தது. பத்தாவது படித்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

“சுண்டு விரல் இன்னாடி நண்டுக்கால் மாரி மடங்கிகினு கீது?”

முகம் சுட்டது. அழித்துவிட்டு நேராகப் போட்டேன். மற்ற விரல்களோடு ஒட்டவில்லை. அவற்றையும் அழித்தேன். நாலாவது தடவை தாளில் ஓட்டை விழுந்தது. கோபமெல்லாம் அம்மா மேல் பாய்ந்தது.

“நீதான் ஆட்டிகினே இருந்த! பத்து நிமிஷம் கைய ஒழுங்கா வெச்சிகினு இருக்க முடியாதா உன்னால?”

அம்மா ஆட்டவேயில்லை. அது எனக்கும் தெரியும்.

“அக்கா கையப் பாத்துப் போடுடி. அது நல்லா நேரா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, சோறு போட்டுக்கொள்ள எழுந்து போனாள்.

அப்படியே வரைந்தேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. மீன் நறுக்கும் அம்மாவுக்கு, நகப்பூச்சு பூசிய பத்தாம் வகுப்புக்காரியின் கை! அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பரிசு கொடுத்தவர்கள் மேலும்தான்.

நான் பிறப்பதற்கு முன்பே கெளுத்தி மீன் முள் குத்தி மடங்கிப்போன விரல் அம்மாவுடையது. தினமும் அந்தக் கையிடம் தலை பின்னிக்கொண்ட நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்ததேயில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு நாள்; அதையும் தப்பு என்று அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தப் பரிசுப் படத்தை இடது கையால் எடுத்துக் காட்டினாள். வலது கை ஏன் முந்தானைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.